சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஒரு டாக்டர் போதாது

வயசுப்பிள்ளைகள் சாப்பாட்டைக் கண்டு பயப்படுவதும், சாப்பிட்டதை ரகசியமாக வாந்தி எடுப்பதும் பெரிய நகரத்துப் பணக்கார வீட்டு வியாதி என்று நம் நெல்லைப் பக்கம் இன்னும் நினைக்கிறார்கள். பாளையங்கோட்டை ஹாஸ்டல்களில் விசாரித்துப் பாருங்கள், தெரியும். பையன்களுக்கும் வருகிறது. ஒல்லியாக இருந்தால்தான் இந்த நோய் என்றும் இல்லை. எடை சாதாரணமாக இருக்கிற பிள்ளைக்கும் வரும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பிளஸ் டூ பிள்ளை. மாதவிடாய் நின்றதற்கு ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். தலைசுற்றலுக்கு இன்னொருவர் சத்து டானிக் எழுதினார். வேறொருவர், "நல்லா சாப்பிடச் சொல்லுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் பட்டினிதான் என்று சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. மாத்திரையில் உதிரப்போக்கு வந்ததும், சரியாகிவிட்டது என்று வீட்டில் நம்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இந்த நோய் மனசிலும் உடம்பிலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு, பாசத்தில் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தாலும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் என்கிற தாது உப்பு சடாரென்று குறைந்து உயிருக்கே வினையாகும். அதனால் எவ்வளவு கொடுக்கலாம் என்று உணவியல் நிபுணர் சொல்ல வேண்டும், ரத்தப் பரிசோதனையை டாக்டர் கவனிக்க வேண்டும், சாப்பாட்டைக் கண்டு வருகிற பயத்தை மனநல மருத்துவரும் உளவியலாளரும் கையாள வேண்டும். முக்கியமாக இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். ஒருவர் எடையைக் கூட்டச் சொல்லி, இன்னொருவர் "பிள்ளையை வற்புறுத்தாதீங்க" என்றால் தாய் என்னதான் செய்வாள்?

அந்தத் தாயும் குழுவில் ஒருத்திதான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சை முறையில், ஆரம்பத்தில் சாப்பாட்டுப் பொறுப்பே பெற்றோர் கையில்தான். பிள்ளை தேறத் தேற, கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள். வளரிளம் பிள்ளைகளின் அனோரெக்ஸியாவுக்கு, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் நோய்க்கு, நல்ல ஆதாரமுள்ள முறை இது. ஆச்சி, சித்தி, பெரியம்மா என்று கூட இருந்து சாப்பிட ஆள் இருக்கிற நம் வீடுகளுக்கு இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ஒரே நிபந்தனை, கல்யாண வீட்டுப் பந்தியில் "ஏட்டி, குண்டாயிட்டியே" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவம், பொது மருத்துவம், மகப்பேறு, மனநலம் எல்லாமே இருக்கின்றன. வாரத்தில் ஒரு மதியம் இந்தப் பிள்ளைகளுக்காக எல்லாத் துறையினரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது என் கோரிக்கை. அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிற குடும்பம் ஒரே நாளில் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்போதைக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஆனால் பிள்ளை மயங்கி விழுந்தாலோ, பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி 50க்குக் கீழே போனாலோ, போனில் நேரத்தைக் கழிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சாப்பிடாமல் இருந்ததையும் வாந்தி எடுத்ததையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.