மஞ்சளைக் கறிக்குப் போடுங்க, கிளினிக் குளிசையை நிப்பாட்டாதீங்க

வட்ஸ்அப்ல இப்ப ஒரே மஞ்சள் வீடியோதான் சுத்துது. வெறும் வயித்தில மஞ்சள் தண்ணி குடிச்சா சீனி வருத்தம் போகுமாம், பிரசர் போகுமாம், கேன்சரும் போகுமாம். எனக்கு இதைப் பாக்கக் கோவம்தான் வருது, ஏனெண்டா களுவாஞ்சிக்குடியில இரிக்கிற என்ட மாமி இதை நம்பி கிளினிக்ல குடுத்த சீனிக் குளிசையை நிப்பாட்டிட்டாங்க, மறுகா கால்ல முள்ளுக் குத்தின புண்ணுக்கும் மஞ்சளைக் குழைச்சு அப்பிச் சீலையால கட்டி வெச்சிருந்தாங்க. அவிழ்த்துப் பாத்தா மேல மஞ்சள் காஞ்சு ஓடு மாதிரி நிக்கிது, கீழ முழுக்கச் சீழ். சீனி கூடின ஆக்களுக்குக் கால் விறைச்சிரிக்கலாம், நோவே தெரியாம போகலாம், அதுதான் பயம்.

மஞ்சள்ல ஒண்டுமே இல்லை எண்டு நான் சொல்லல்ல. அதில குர்குமின் எண்டு ஒரு சத்து இரிக்கு, ஆய்வுகூடத்தில வீக்கத்தைக் குறைக்கிறதைக் கண்டிரிக்காங்க, முழங்கால் தேய்மான நோவுக்கும் கொஞ்சம் சுகம் குடுக்குது எண்டு சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா தூள்ல குர்குமின் 100 கிராமுக்கு 3 கிராம் அளவுதான், அதையும் உடம்பு லேசில உறிஞ்சாது. மிளகில இரிக்கிற பைப்பரினோட குடுத்தா 20 மடங்கு வரைக்கும் கூட ரத்தத்தில சேருது எண்டு 1998ல இந்தியாவில செஞ்ச ஆய்வில கண்டாங்க. கொழுப்பிலதான் அது கரையும். பெத்தா புள்ளப்பெத்த பொம்புளைக்கு மிளகும் மஞ்சளும் உள்ளியும் அம்மியில அரைச்சுச் சரக்குக்கறி காய்ச்சுவா, தேங்காப்பால்ல மஞ்சள் போட்டுத் திரைய விடாம கிண்டிக் கிண்டிச் சொதி இறக்குவா. சாப்பிட அதுதான் நல்ல வழி, வெறும் தண்ணியில கரைச்சுக் குடிக்கிறது இல்லை.

அமெரிக்காக்காரன் மஞ்சளுக்குக் காப்புரிமை எடுத்தானே, அப்ப மருந்துதானே எண்டு கேக்குறாங்க. 1995ல புண் ஆத்துறதுக்கு எண்டு எடுத்தது உண்மை, 1997ல இந்தியா எதிர்த்து மனுக் குடுத்து அது ரத்தானதும் உண்மை. ஆனா ரத்தானது இது எங்கட ஆக்களுக்கு முந்தியே தெரிஞ்ச விசயம் எண்டதால. சீனிப்புண் ஆறும் எண்டு அங்க ஒருத்தரும் நிரூபிக்கல்ல.

இன்னொண்டு, வெளிநாட்டில இருந்து சொந்தக்காரங்க அனுப்புற மஞ்சள் கேப்சூல். கறியில போடுற மஞ்சள் வேற, இது வேற. குர்குமினைப் பிரிச்செடுத்து, மிளகுச் சத்தும் சேர்த்து அடைச்சது, அதைக் குடிச்சு ஈரல் பழுதான ஆக்கள் இரிக்காங்க. ரத்தம் உறையாம இரிக்கக் குளிசை போடுறவங்க, பித்தக்கல் உள்ளவங்க தயவுசெஞ்சு தொடாதீங்க. போடத்தான் வேணும் எண்டா கிளினிக்குக் கொப்பியோட அந்தப் போத்தலையும் கொண்டு போய் டொக்டருக்குக் காட்டுங்க.

தூளையும் பாத்து வாங்குங்க. 2020ல இலங்கையில மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டி விலை ஏறின நேரம் மாவு கலந்து வித்தது மறந்திராதீங்க. முழு மஞ்சள் வாங்கிக் காய வெச்சு மில்லில குடுத்து அரைச்சா இன்னும் நல்லம்.