ஏஐ கேட்கட்டும், நீங்கள் விளக்குங்கள்

ஏஐயிடம் பாடம் கேட்டுப் படிப்பது தவறு என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. எந்த நேரத்தில் கேட்டாலும் சலிக்காமல் சொல்லித்தரும் துணை அது. என் கவலை வேறு. புரியவில்லை என்றால் எளிமையாக்கித் தருகிறது, அப்போதும் புரியவில்லை என்றால் உதாரணம் தருகிறது. கடைசியில் படிப்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். விளக்கம் தெளிவாக இருந்தது என்பதற்கு மட்டும்தான் அந்தத் தலையாட்டல் சாட்சி. படித்தவருக்கு விளங்கியதா என்பது அவரே ஒருமுறை சொல்லிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஜிப், பூட்டு, தையல் இயந்திரம் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு, மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு அதையே படிப்படியாக எழுதி விளக்கச் சொன்னார்கள். எழுதியபின் அதே ஆட்கள் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். கோடையும் குளிர்காலமும் ஏன் வருகின்றன? பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் என்று எந்த மாணவரும் சொல்லிவிடுவார். சரியான விடைதான், தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். அடுத்த கேள்வியை ஏஐ கேட்கட்டும்: சாய்வுக்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு? பலர் இங்கே, "சாய்ந்திருக்கும் பாதி சூரியனுக்கு அருகில் வந்துவிடுகிறது" என்று எழுதுவார்கள். அப்படியானால் ஜனவரி தொடக்கத்தில்தானே பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது? ஜூலையில் 15.2 கோடிக்குத் தள்ளிப்போகிறது. வட பாதியில் ஜனவரி ஏன் குளிர்கிறது? ஐம்பது லட்சம் கிலோமீட்டர் வித்தியாசமே பருவத்தைத் தீர்மானிக்கவில்லை என்றால், வெறும் 12,700 கிலோமீட்டர் விட்டமுள்ள பூமியின் சாய்வால் வரும் நெருக்கம் எதைச் செய்துவிடும்?

இந்த இடத்தில் மாணவர் திணற வேண்டும். திணறினால்தான், கதிர்கள் செங்குத்தாக விழும்போது வெப்பம் சிறிய பரப்பில் குவிகிறது, சரிந்து விழும்போது பெரிய பரப்பில் பரவுகிறது, கூடவே பகலின் நீளமும் மாறுகிறது என்ற உண்மையான காரணத்துக்கு அவரே வந்து சேர்வார். வந்தபிறகும் விடக் கூடாது. துருவத்தில் கோடைக்காலம் முழுக்கச் சூரியன் மறைவதில்லையே, அங்கே ஏன் குளிர் போகவில்லை? இந்தக் கேள்வி அவரை மறுபடி புத்தகத்துக்கு அனுப்பிவிடும். "சாய்வு" என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இத்தனை விஷயம் இருந்திருக்கிறது. ஏஐ முதலிலேயே முழு விளக்கத்தையும் கொட்டியிருந்தால், மாணவர் மனதில் இருந்த தவறான கருத்து அசையாமல் அங்கேயே இருந்திருக்கும். அதன்மேல் சரியான வாக்கியங்கள் அடுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஏஐ தானாக இப்படிக் கேட்காது. நாம்தான் சொல்ல வேண்டும். "நான் இந்தப் பாடத்தை விளக்கப் போகிறேன். விடை சொல்லாதே, விடுபட்டதை நிரப்பாதே, பாராட்டாதே. என் விளக்கத்தில் எந்த இடம் பலவீனமோ, அங்கே ஒரே ஒரு கேள்வி கேள்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். பாராட்டாதே என்பதை நான் வலியுறுத்துகிறேன். இந்தச் செயலிகளுக்கு ஒத்துப்போகும் சுபாவம் உண்டு. அரைகுறையான விளக்கத்தையும் "மிகச் சரியாகச் சொன்னீர்கள்" என்று தொடங்கி, விடுபட்ட பாதியைத் தானே சேர்த்து எழுதிவிடும். அதைப் படிப்பவர், முழுவதையும் தானே சொன்னதாக நினைத்துக்கொள்வார். இதைவிடக் கெடுதலான உதவி இல்லை.

துருக்கியில் கிட்டத்தட்ட ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2025இல் வெளிவந்தது. வழக்கமான சாட்பாட் கையில் இருந்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, ஏஐயைத் தொடாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட் கொடுக்கப்பட்டது. அவர்களிடம் அந்தச் சரிவு பெருமளவு இல்லை. கருவி அடிப்படையில் ஒன்றுதான், அதை நடத்திய விதம்தான் வேறு. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இரண்டாவது குழுவும் அந்தத் தேர்வில் ஏஐயைத் தொடாமல் படித்தவர்களை முந்திவிடவில்லை. ஆகவே, குறிப்புத் தரும் ஏஐ இருந்தால் போதும், படிப்பு தானாக வரும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம்.

நம் நன்னூல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் பயில்வோரோடு பழகிப் படிப்பதில் இன்னொரு கால். மீதி இரண்டு கால், அதாவது சரிபாதி, பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வரும். ஏஐயை ஆசிரியராக மட்டும் வைத்துக்கொள்பவர் முதல் காலோடு நின்றுவிடுகிறார். அதையே உடன் பயில்பவராகவும், நாம் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டிய மாணவராகவும் மாற்றிக்கொள்ள முடியும் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்த விஷயம். எதிரில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாமல் தனியாகப் படிக்கும் எத்தனையோ பேருக்கு இது பெரிய வரம்.

"இப்படிப் படித்தால் நேரம் ஆகுமே" என்பார்கள். ஆகும். பத்துப் பாடங்களைப் புரட்டும் நேரத்தில் மூன்றுதான் முடியும். தேர்வுக்கு முந்தைய இரவு இந்த முறை உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏஐ கேட்கும் கேள்வியே தவறாக இருக்கலாம், அதன் திருத்தமும் தவறாக இருக்கலாம். அதனால் முரண்பாடு வரும் இடத்தில் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஏஐ சொல்வதை ஏற்பதற்கு முன் "ஏன்" என்று திருப்பிக் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாமல் உடனே உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டால், அந்தப் பதிலையும் நம்ப வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து எல்லாத் திரைகளையும் மூடிவைத்துவிட்டு, வெறும் தாளில் அதே பாடத்தை ஒருமுறை எழுதுங்கள். பேனா எந்த வரியில் நிற்கிறதோ, மறுநாள் ஏஐயுடன் பேச வேண்டியது அந்த வரியைப் பற்றித்தான்.