1930-க்கு முன்பே கோப்பைகள் இருந்தன
நாடுகளுக்கு இடையிலான கால்பந்துச் சாம்பியன் பட்டம் 1930 உலகக் கோப்பையில்தான் தொடங்கியது என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து மோதிய தொடரை 1884-லேயே ஸ்காட்லாந்து வென்றுவிட்டது. அது பிரிட்டன் என்ற ஒரே அரசுக்குள் நடந்தது என்று தள்ளினாலும், 1916-இல் பியூனஸ் அயர்ஸில் அர்ஜென்டினா, பிரேசில், சிலி, உருகுவே ஆடிய தென்னமெரிக்கச் சாம்பியன்ஷிப்பை எப்படித் தள்ளுவது? இன்றைய கோபா அமெரிக்காவின் முதல் தொடர் அதுதான். தொடக்க ஆட்டத்தில் உருகுவே 4-0 எனச் சிலியை வீழ்த்தியது. அதில் இரண்டு கோல்கள் இசபெலினோ கிராதின் அடித்தவை. ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த அவரும் ஹுவான் டெல்காடோவும் ஆடியதைக் காட்டி, உருகுவே ஆப்பிரிக்கர்களைக் களமிறக்கியது என்று சிலி தரப்பு முறையிட்டது. எவ்வளவு கேவலமான முறையீடு! அது எடுபடவில்லை. பட்டம் உருகுவேக்குப் போனது, தொடரில் அதிக கோல் அடித்தவரும் கிராதின்தான். கறுப்பின வீரர்கள் பெரிய அரங்குக்கு வந்ததே பேலே காலத்தில்தான் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கும் இதுவே என் பதில்: கிராதின் அந்தக் கோல்களை அடித்தபோது பேலே பிறக்க இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.