எளிதாக்குங்கள் என்று நான் எழுதவில்லை

நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. இருவர் மட்டும் சேர்ந்து உருவாக்கிய அந்தச் சிறு கேமை ஆடிப் பார்த்துக் குறைகளைச் சொல்லும்படி அவர்களேதான் கேட்டார்கள். நானும் 11 மணி நேரம் ஆடி, எங்கே, எத்தனை முறை, எதனால் செத்தேன் என்று குறித்து அனுப்பினேன். அந்தக் குறிப்பு படமாகப் பொதுவில் வந்ததும், "ஆடத் தெரியாதவர்கள் வேறு கேம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்த கேமின் ரசிகர் ஒருவர் பதில் எழுதினார். கேமை உருவாக்கியவர்களில் ஒருவர் அதற்குச் சிரிப்புக்குறி இட்டார்.

எளிதாக்குங்கள் என்று நான் எழுதவில்லை. மூன்றாவது பாஸிடம், அதாவது வழிமறிக்கும் பெரிய எதிரியிடம், தோற்கும் ஒவ்வொரு முறையும் செக்பாயின்டிலிருந்து (செத்தபின் மீண்டும் தொடங்கும் இடம்) ஒன்றரை நிமிடம் ஓடிவர வேண்டியிருக்கிறது. 40 முறை தோற்ற எனக்கு ஒரு மணி நேரம் வெறும் ஓட்டத்திலேயே போயிற்று. செக்பாயின்டை வாசலருகே வையுங்கள் என்றேன். பாஸ் பாய்வதற்கு முன் காட்டும் சைகை, பின்னணியின் அதே கருஞ்சிவப்பில் கரைந்துவிடுகிறது, நிறத்தை மாற்றுங்கள் என்றேன். பாஸின் பலத்தில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

படைப்பாளியின் நோக்கத்தில் தலையிடலாமா என்று கேட்கிறார்கள். 2018இல் வந்த 'செலஸ்ட்' கேமில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். அதற்கெல்லாம் தனி வசதியே உண்டு. விளிம்பைத் தாண்டிய பிறகும் ஓரிரு கணம் தாவ விடுகிற தாராளமும் அதில் உண்டு. அதை எளிய கேம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 2025 செப்டம்பரில் 'சில்க்சாங்' கேம் வெளியான சில நாட்களிலேயே, தொடக்கத்தில் வரும் இரண்டு பாஸ்களின் கடுமையை அதை உருவாக்கிய டீம் செர்ரி நிறுவனம் சற்றுக் குறைத்தது. அதனால் அவர்களுடைய கௌரவம் கப்பலேறிவிடவில்லை. அதிலும் நீண்ட ஓட்டங்கள் உண்டே என்பீர்கள். உண்டு; அங்கேயும் எனக்குப் பிடிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் விடுமுறை நாட்களில் ஒரு குட்டி கேம் செய்தேன். அக்கா மகனிடம் கொடுத்துவிட்டு அவன் பின்னால் நின்றேன். முதல் பள்ளத்திலேயே ஒன்பது முறை விழுந்தான். பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் உயரமாகத் தாவும் என்பதை நான் எங்குமே உணர்த்தவில்லை. ஆயிரம் முறை தாண்டிய எனக்கு அது பள்ளமாகவே தெரிந்திருக்கவில்லை. "மாமா, இது கெட்டுப்போயிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அன்று எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவனுக்கு ஆடத் தெரியவில்லை என்று ஊரைக் கூட்டி நான் சிரிக்கவில்லை.

இருவர்தானே, கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: இரக்கம் இருந்ததால்தான் பொதுவில் ஒரு வார்த்தை எழுதாமல் தனியாக அனுப்பினேன். அதைப் படம்பிடித்துப் பொதுவில் போட்டது நானல்ல. என் குறிப்பின் தொனி கறாராக இருந்தது என்று ஒரு நண்பர் சொன்னார், இருந்திருக்கலாம். பத்துப் பக்கக் குறிப்பில் பாராட்டு மட்டும் மூன்று பக்கம் இருந்ததை அவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இசையைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

ஆடத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியாயிற்று. அந்த பாஸை 41ஆவது முறையில் வீழ்த்திவிட்டேன் என்பதும் அந்தக் குறிப்பின் கடைசி வரியில் இருந்தது. அதுவரைக்கும் யாரும் படிக்கவில்லை போலும்.