உங்களுக்கு லாரி தெரியும், லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்

அந்த வீடியோவை யார் எடுத்தது, யார் முதலில் போட்டது என்று மறுபடி கிளறப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று. பழநிக்கு நடந்து போகிறவர்களை ராத்திரியில் இரண்டு பையன்கள் நிறுத்துகிறார்கள். ஒரு பெரியவர் தோளில் பையோடு காலை முன்னால் வைத்து நிற்கிறார், ஒரு பையன் மண்ணில் உட்கார்ந்து அவர் கணுக்காலில், வண்டி வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டையைச் சுற்றி ஒட்டிவிடுகிறான். அவ்வளவுதான். அதற்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்: "முருகனை விட ஸ்டிக்கர் பெருசா?", "விளம்பரத்துக்கு அலையுறானுங்க", "மாட்டுக் கொம்புக்கு ஒட்டுற மாதிரி பக்தனுக்கு ஒட்டுறானுங்க." இந்தக் கடைசி வரிக்கு நானூறுக்கு மேல் சிரிப்புக் குறி. அதில் என் நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுக் கொம்புக்கு ஏன் ஒட்டுகிறார்கள்? இருட்டில் நிற்கும் மாடு ஓட்டுநருக்குத் தெரியாது என்பதால். இருட்டில் நடக்கும் மனிதனும் தெரிய மாட்டான். இதில் மானக்கேடு எங்கே வந்தது?

நடக்கிறவர் மனதில் ஒரு தவறான கணக்கு ஓடுகிறது. அதுதான் ஆளைக் கொல்கிறது. தூரத்தில் வரும் லாரியின் விளக்கு உங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே தெரிகிறது. அது நெருங்க நெருங்க உங்கள் மேலெல்லாம் வெளிச்சம் விழுகிறது. உங்கள் கையே உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது. "இவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறேன், அவனுக்கு என்னைத் தெரியாமலா இருக்கும்?" என்று மனசு சொல்கிறது. தெரியாது. உங்களுக்கு லாரி தெரியும், லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். டிம் விளக்கு சாலையை ஓரளவு தெளிவாகக் காட்டுவது சுமார் 50 மீட்டர் வரைதான். அடர்நிற உடையில் இருப்பவர் அந்த 50 மீட்டருக்கும் உள்ளே வந்த பிறகுதான் பல நேரம் கண்ணில் படுவார். "ஆள்" என்று மூளை கண்டுபிடித்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தாலே 33 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில், நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருக்கிற கார், அதற்குப் பிறகு நிற்க இன்னும் 35 மீட்டருக்கு மேல் எடுக்கும். மொத்தம் 70 மீட்டர். விளக்கு காட்டியது 50. மிச்சம் 20 மீட்டரில் நீங்கள் இருக்கிறீர்கள். லோடு லாரி என்றால் இன்னும் மோசம். மார்கழி, தை மாதத்துப் பனி இறங்கிய சாலையில் இந்தக் கணக்கும் செல்லாது.

இதே ஆள் காலில் சரியான பட்டை கட்டியிருந்தால் 150 மீட்டருக்கு முன்பே வெள்ளையாக இரண்டு கோடுகள் மேலும் கீழும் ஆடுவது தெரியும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க அது போதும். "ஸ்டிக்கர்" என்று நீங்கள் சிரித்தது இந்த 100 மீட்டரைத்தான்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். பழநிக்குப் பச்சை, மேல்மருவத்தூருக்குச் சிவப்பு, சபரிமலைக்குக் கறுப்பு. மூன்றுமே இரவில் ஒன்றுதான், கறுப்பு. காவி கொஞ்சம் தேவலை, அதுவும் கொஞ்சம்தான். நிறத்தை மாற்றச் சொல்லவில்லை. விரதம் உங்களுடையது, உடை உங்களுடையது. கணுக்காலில் இரண்டு அங்குலப் பட்டை கட்டினால் எந்த விரதமும் கலையாது.

ஏன் கணுக்கால்? முதுகில் ஒட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். முதுகில் இருக்கும் பட்டை அசையாது. தூரத்திலிருந்து பார்க்கும் டிரைவருக்கு அது மைல்கல்லோ, பாலத்துச் சுவரில் ஒட்டிய ரிஃப்ளெக்டரோ என்றுதான் தோன்றும். கணுக்காலில் கட்டினால் நடக்க நடக்க ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்ததுமே மனிதன் நடக்கிறான் என்று மூளைக்குப் புரிந்துவிடும். டிம் விளக்கின் வெளிச்சமும் கீழே, கால் பக்கம்தான் முதலில் விழுகிறது. அதனால் கணுக்கால் முதலில், அடுத்து மணிக்கட்டு, அதற்கப்புறம்தான் பையின் பின்பக்கம். வேட்டி, சேலை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைத்தால் கட்டியதும் கட்டாததும் ஒன்று.

வாங்குவதிலும் ஏமாற்று இருக்கிறது. பளபளவென்று இருப்பதெல்லாம் ஒளிரும் பட்டை இல்லை. அலங்காரக் கடையில் விற்கிற வெள்ளி டேப் விளக்கு வெளிச்சத்தை எங்கெங்கோ சிதறடிக்கும், டிரைவர் கண்ணுக்குத் திருப்பி அனுப்பாது. கிளிப்பச்சை, ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் பகல் வெளிச்சத்துக்கானவை. அவற்றின் மேல் சாம்பல் நிறப் பட்டை தைத்திருந்தால்தான் இரவில் பயன். சோதிக்க ஒரே வழி: இருட்டான இடத்தில் பட்டையை 10 மீட்டர் தள்ளி வையுங்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே, நெற்றிப்பொட்டில் பிடித்துப் பாருங்கள். விளக்கு எரிவதுபோல் வெள்ளையாகச் சீறினால் சரக்கு சரி. மங்கலாக மின்னினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் பகுதித் தையல் கடை அக்கா ஒருவர் இந்தப் பட்டையைத் தைத்துக் கொடுக்கிறார். முதலில் பட்டை கட்டிவிடுகிறவர்கள் ஒட்டும் ஸ்டிக்கர்தான் வாங்கிக் கொடுத்தார்கள். வியர்வையில் சில கிலோமீட்டரிலேயே உரிந்துவிட்டது. அப்புறம் அவரே துணிப்பட்டையில் ஒளிரும் டேப்பை வைத்து இரண்டு ஓரமும் தைத்து, முனையில் வெல்க்ரோ போட்டார். ஒரு காலுக்கு 35 சென்டிமீட்டர், இரண்டு காலுக்கு 70. ஐம்பது மீட்டர் சுருள் ஒன்றில் 70 பேருக்குக் கட்டலாம். தையல் ஊசி டேப்பின் நடுவில் ஏறினால் ஒளிரும் பூச்சு விரிசல் விட்டுவிடும் என்று ஓரத்தில் 2 மில்லிமீட்டர் விட்டுத் தைப்பார். கூலி வாங்குவதில்லை. கோயில் பெயரையும் போட மாட்டார், தன் பெயரையும் போட மாட்டார். "விளம்பரத்துக்கு அலைகிறவர்கள்" என்று நீங்கள் எழுதியது இவரையும் சேர்த்துத்தான். அந்தப் பதிவை அவருடைய மகள்தான் போனில் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பட்டையை மெஷினில் வைத்தாராம். எனக்குத்தான் ஆறவில்லை.

சரி, பட்டை மட்டும் போதுமா? போதாது. எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதும் வேண்டும். நாலைந்து பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக. இடது ஓரமாக நடந்தால் உங்களை இடிக்கப் போகும் வண்டியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ஆனால் சாலை வலப்பக்கம் வளைகிற இடத்தில் வலது ஓரம்தான் மறைவான மூலை. அங்கே வளைவுக்கு முன்பே, இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் இடப்பக்கம் கடந்து, வளைவு முடிந்ததும் திரும்பி வாருங்கள். ஓரம் இல்லாத சிறுபாலங்களில் வண்டி வருகிறதென்றால் நின்று, அது போன பிறகு கடந்து போங்கள்.

பெரிய குழு, கூடவே சாமி வண்டி வருகிறது என்றால் கதை வேறு. வண்டி இடப்பக்கம்தான் போக முடியும், குழுவும் இடப்பக்கம். அப்போது வண்டி குழுவுக்குக் கடைசியில் வர வேண்டும், நாலு இண்டிகேட்டரும் எரிய வேண்டும். வண்டிக்குப் பின்னால் ஒரே ஒருவர்கூட நடக்கக் கூடாது. தப்பு நடப்பதே இங்கேதான். பாட்டுப் போடும் வண்டி முன்னால் போய்விடுகிறது. கால் வலிக்கிறவர், கொப்புளம் போட்டவர், சின்னப் பிள்ளையைத் தூக்கி வருகிற அம்மா, இவர்கள் பின்தங்குகிறார்கள். குழுவிலேயே பலவீனமானவர்கள் பாதுகாப்புக்கு வெளியே, இருட்டில். வேகமாக நடப்பவரை முன்னால் விட்டு மெதுவாக நடப்பவரைத் தேடிப் போகிற வழக்கத்தை விடுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் வையுங்கள். அவர் வேகம்தான் குழுவின் வேகம். வண்டியில் சீரியல் செட்டைச் சுற்றும்போது பின்விளக்கும் இண்டிகேட்டரும் தெரியும்படி விடுங்கள். பின்னால் வரும் டிரைவருக்குக் கண் கூசினால் வண்டிக்குப் பக்கத்தில் நடக்கும் ஆள் அவன் கண்ணுக்குத் தெரியாது.

"டிரைவர்தானே பார்த்து ஓட்டணும்? தப்பு அவன் மேலதானே?" என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். ஆமாம், அவன் பொறுப்புதான். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவன் மேல், பிரைட் போட்டுக்கொண்டே வருகிறவன் மேல், குடித்துவிட்டு ஓட்டுகிறவன் மேல் எனக்கும் உங்களைப் போலவே கோபம். விடியற்காலை 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் ஸ்டியரிங்கில் கண் சொருகாத டிரைவர் குறைவு. அந்த நேரத்தில் நடையை நிறுத்திப் படுத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு குழுவிடமும் சொல்கிறோம். வழக்கில் தீர்ப்பு உங்கள் பக்கமே வரட்டும். தீர்ப்பைக் கேட்க நீங்கள் இருக்க வேண்டாமா?

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?" திண்டுக்கல்–பழநி சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே நடைபாதை போட்டார்கள். அதை மறித்துக் கடையும் வண்டியும் நிற்கிற இடத்தில் மக்கள் தார்ச்சாலைக்கு இறங்குகிறார்கள். அதைக் கேளுங்கள், நானும் வருகிறேன். அது சரியாகும் வரை பட்டை கட்டுவோம்.

"முருகனை விட ஸ்டிக்கர் பெருசா?" என்ற நம்பிக்கையைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்தப் பெரியவரே காலை நீட்டிப் பதில் சொல்லிவிட்டார்.

அன்னதானப் பந்தல்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பந்தலைத் தார் விளிம்பை ஒட்டியே போடாதீர்கள். வரிசை சாலைக்குள் நிற்கிறது, சாப்பிட்டவர்கள் சாலையைக் கடந்து கை கழுவப் போகிறார்கள். குறைந்தது 10 மீட்டர் உள்ளே தள்ளி, நடக்கிறவர்கள் வரும் பக்கத்திலேயே போடுங்கள். தண்ணீரும் அதே பக்கம். படுக்க இடம் கொடுங்கள், அதுதான் பெரிய தானம். இடம் இல்லாமல்தான் சூடாக இருக்கிறதென்று தார் ஓரத்திலும், நிறுத்திய லாரிக்கு அடியிலும் படுக்கிறார்கள். லாரிக்காரர் விடியலில் எழுந்து வண்டியை எடுக்கும்போது குனிந்து பார்ப்பாரா?

அடிபட்டுக் கிடக்கிறவரைச் சுற்றி நின்று வீடியோ எடுக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். முதல் வேலை 108. இரண்டாவது வேலை, இன்னொரு வண்டி வந்து ஏறாமல் தடுப்பது. ஒருவர் டார்ச்சோடு 100 மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்தது பிய்ந்து மறுபடி வரும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. தண்ணீர் கொடுக்காதீர்கள். கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் தூக்கிப் போடாதீர்கள், கழுத்தெலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு தூக்கலில் ஆள் வாழ்நாள் முழுக்கப் படுக்கையாகிவிடலாம்.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று இன்னமும் ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே உதவுகிறவருக்குப் பாதுகாப்பு விதிகளை உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவையே சேர்த்தார்கள். உதவுகிறவர் பெயர், விலாசம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' தொடங்கியது. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்குள் பணம் கேட்கக் கூடாது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி.

மலைப் பாதைக்கும் இதே பேச்சுதான். வெள்ளியங்கிரி ஏறும்போது நெஞ்சு இறுகி, குளிர்ந்து வேர்க்கிறவரைப் பார்த்து "இன்னும் ஒரு மலைதான், வந்துடுங்க" என்று உற்சாகப்படுத்துகிறார்கள். அது உற்சாகம் இல்லை, கொலை. ஏழாவது மலையிலிருந்து டோலியில் இறக்க மணிக்கணக்காகும். அந்த இடத்திலேயே உட்கார வைத்து, அடிவாரத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துப் போனது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் கடக்காதீர்கள். பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். இதைச் சொன்னாலும் "சாமி பார்த்துக்குவார்" என்று கீழே எழுதுவீர்களா?

சிரிப்புக் குறி போட்டவர்களை நான் நீக்கவில்லை. நீக்கவும் மாட்டேன். அடுத்த தைப்பூசத்துக்கு உங்கள் தெருவிலிருந்தும் குழு கிளம்பும். எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை என்று உள்பெட்டியில் எழுதுங்கள். குழந்தைகளுக்கு ஒரு காலுக்கு 25 சென்டிமீட்டர் போதும், தனியாகத் தைக்க வேண்டும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது சொன்னால்தான் அக்காவால் முடிக்க முடியும்.