பென்ரின் பிரபுவுக்கு இரண்டு வாழ்க்கை இல்லை

வேல்ஸின் வடமேற்கில், பேங்கர் ஊரையொட்டி லாண்டெகாய் என்றொரு கிராமம். அங்குள்ள தேவாலயத்தில் முதலாம் பென்ரின் பிரபுவுக்கும் அவர் மனைவிக்கும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். செதுக்கியவர் அன்றைய பெரிய சிற்பி ரிச்சர்ட் வெஸ்ட்மகாட். அதில் கல் குவாரித் தொழிலாளி ஒருவனும் கிராமத்துப் பெண் ஒருத்தியும் துக்கத்தோடு நிற்கிறார்கள். பிரபுவின் குவாரியில் போட்ட மூலதனத்தைச் சம்பாதித்துக் கொடுத்த ஜமைக்கா அடிமைகளில் ஒருவருக்குக்கூட அந்தச் சிற்பத்தில் இடமில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பிரபுவின் இயற்பெயர் ரிச்சர்ட் பென்னண்ட். அப்பா லிவர்பூல் வணிகர். குடும்பத்துக்குப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஜமைக்காவின் கிளாரண்டன் பகுதியில் கரும்புத் தோட்டங்கள். 1765-இல் பென்ரின் பண்ணையின் பாதிக்கு வாரிசான ஆன் சூசன்னா வார்பர்ட்டனைக் கட்டிக்கொண்டார். மீதிப் பாதியைப் பிறகு விலைக்கு வாங்கினார். பெட்டர்ஸ்ஃபீல்டுக்கும் பின்பு லிவர்பூலுக்கும் எம்.பி. 1783-இல் பட்டம் கிடைத்தது. அது அயர்லாந்துப் பிரபு பட்டம் என்பதால் பிரிட்டிஷ் மக்களவையில் உட்காரத் தடையில்லை. 'லார்டு' ஆன பிறகும் 1784 முதல் 1790 வரை லிவர்பூலுக்காக அங்கேயே பேசிக்கொண்டிருந்தார். அடிமைக் கப்பல்கள் கிளம்பும் பெரிய துறைமுகம் அன்று லிவர்பூல்தான்.

ஊரில் அவரை இன்றும் 'முன்னேற்றம் கொண்டுவந்தவர்' என்பார்கள். செய்ததைச் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதுவரை பெதஸ்டா பக்கத்து மலையில் சிறு குத்தகைக்காரர்கள் ஆங்காங்கே குழி தோண்டி, கூரை வேயும் பலகைக்கல்லான சிலேட்டை வெட்டி விற்று வந்தார்கள். 1782-இல் அந்தக் குத்தகைகளையெல்லாம் தன் கைக்குக் கொண்டுவந்து, மலையை ஒரே குவாரியாக்கினார். சாலை போட்டார், போர்ட் பென்ரின் துறைமுகம் கட்டினார். 1801-இல் குவாரியிலிருந்து துறைமுகத்துக்குக் குதிரை இழுக்கும் தண்டவாளப் பாதையும் வந்துவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய சிலேட்டுக் குவாரி என்று பின்னாளில் பேரெடுத்தது இதுதான். இவ்வளவுக்கும் கை முதல் ஏது? ஜமைக்காச் சர்க்கரைதான்.

ஜமைக்காவுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. நிர்வாகமெல்லாம் கடிதத்தில்தான். பென்ரின் ஆவணங்கள் பேங்கர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் தன் ஏஜெண்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், மாடுகளுக்கோ நீக்ரோக்களுக்கோ அளவுக்கு மீறி வேலை கொடுப்பதில் தனக்கு விருப்பமில்லை என்கிறார். இதை அவருடைய இரக்கத்துக்குச் சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. அந்த வரியை நிதானமாகப் படியுங்கள். மாடு முதலில் வருகிறது, மனிதன் அதற்கப்புறம். இரண்டும் ஒரே வாக்கியத்தில், ஒரே தொழுவத்தில். தன் சொத்து தேய்ந்துவிடக் கூடாது என்று ஒரு முதலாளி காட்டும் அக்கறை அது. அதை இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1808-இல் குழந்தையில்லாமல் இறந்தார். அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் முந்தின ஆண்டே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். சொத்து உறவினர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸுக்குப் போனது. இன்று சுற்றுலாப் பயணிகள் வாய்பிளந்து பார்க்கும் பென்ரின் கோட்டையைக் கட்டியவர் இவர்தான். அடிமைமுறை ஒழிந்தபோது 764 பேரை 'இழந்ததற்காக' இவருக்கு அரசு கொடுத்த இழப்பீடு 14,683 பவுண்டு. அந்த 764 பேருக்கு ஒரு பென்னிகூடத் தரவில்லை. அப்படி உரிமையாளர்களுக்கு வாரிக் கொடுக்க அரசு வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015-இல்தான் தீர்ந்தது!

கோட்டை இப்போது பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில். தங்கள் மாளிகைகளுக்கும் அடிமை வணிகத்துக்கும் காலனி ஆட்சிக்கும் உள்ள தொடர்பை அந்த அமைப்பு 2020-இல் அறிக்கையாக வெளியிட்டபோது, சில எம்.பி.க்கள் கொதித்தெழுந்தார்கள். இதில் நான் டிரஸ்ட் பக்கம். ஜமைக்காவைத் தனி அறையில் ஓரமாக வைப்பதுகூடப் போதாது. குவாரியைப் பற்றிப் பேசும் அதே பலகையில் கரும்புத் தோட்டமும் வரவேண்டும். பணம் ஒரே பெட்டியிலிருந்துதானே வந்தது?

'அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா' என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அந்தக் காலத்து அளவுகோலே போதும். 1789 மே 12 அன்று அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய எம்.பி. வில்பர்ஃபோர்ஸ் மக்களவையில் மணிக்கணக்கில் நின்று அடிமைக் கப்பல்களின் கொடுமையை எடுத்துச் சொன்னபோது, பென்ரின் பிரபுவும் அதே அவையின் உறுப்பினர். தோட்ட முதலாளிகள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். அந்த விவாதத்தில் எழுந்து, சொன்னதெல்லாம் திரித்துச் சொன்னது என்றார். இந்த வணிகத்தை நிறுத்தினால் ஏழு கோடி பவுண்டு சொத்து அடிபடும் என்றும் வாதாடினார். கப்பலின் அடித்தட்டில் மனிதர்கள் எப்படி அடைக்கப்பட்டார்கள் என்பது அவர் காலத்திலேயே, அவர் உட்கார்ந்த அவையிலேயே சொல்லப்பட்டுவிட்டது. தெரிந்தேதான் எதிர்த்தார்.