தாமரை விதையின் பச்சை முளை விஷம் இல்லை

"தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளை விஷம், அதனால்தான் சீனர்கள் அதை எடுத்து எறிகிறார்கள், தாமரையில் எல்லாப் பாகமும் குளிர்ச்சி, மலச்சிக்கலுக்கும் நல்லது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே சரியில்லை.

முளையை எடுப்பது கசப்புக்காக. மூன்கேக் என்ற சீனப் பண்டிகைப் பலகாரத்துக்குள் வைக்கும் இனிப்பான தாமரை விதை விழுதில் அது சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது! எடுத்த முளையையும் எறிவதில்லை. உலர்த்தித் தனி மருந்தாக விற்கிறார்கள். சீன அரசின் மருந்து நூலில் விதைக்கும் முளைக்கும் தனித்தனிப் பதிவு உண்டு; முளைக்கு அளவு 2 முதல் 5 கிராம். மனப் படபடப்பு, தூக்கமின்மைக்கு அதைத் தேநீர்போல் ஊறவைத்துக் குடிக்கிறார்கள்.

குளிர்ச்சி என்பது முளைக்குப் பொருந்தும். விதையைச் சீன வைத்தியர்கள் சூடும் இல்லாத, குளிர்ச்சியும் இல்லாத வகையில்தான் சேர்க்கிறார்கள். கிழங்கோ பச்சையாக இருந்தால் குளிர்ச்சி, வெந்தால் சூட்டுப் பக்கம் போய்விடும். ஹூபெய் மாகாணத்தில் பன்றி விலா எலும்போடு மணிக்கணக்கில் கொதிக்கவைக்கும் கிழங்கு சூப் அந்த இரண்டாவது ரகம்.

அப்புறம் மலச்சிக்கல். விதை துவர்ப்பு, நாள்பட்ட வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுப்பது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சீன வைத்தியமே சொல்கிறது. தயவுசெய்து அந்த வரியையாவது நீக்கிவிடுங்கள்.